பதக்கம் நலச்சான்று அன்று

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் இரவு, ஏதென்ஸ் ஒலிம்பிக் அரங்கில் பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டம் முடிந்த கணத்தில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று உலகெங்கும் நாளேடுகளில் வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த கெல்லி ஹோம்ஸ் எல்லைக்கோட்டைக் கடந்திருக்கிறார். கண்கள் இமைக்க மறந்து விரிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது. வென்றவர் தாம்தானா என்று அவருக்கே உறுதியில்லை. அவருக்கும் அடுத்து வந்த இருவருக்கும் இடையே ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குதான் இருந்தது. 1 நிமிடம் 56.38 நொடி என்னும் கணக்கு வந்த பிறகே அவர் நம்பினார். அந்த முகத்தை மகிழ்ச்சியின் முகம் என்று எல்லாரும் எழுதினர். அன்று எழுத நேர்ந்திருந்தால் நாமும் அப்படித்தான் எழுதியிருப்போம்.

அப்போது அவருக்கு வயது 34. ஓட்டத்தைவிட்டு ஒதுங்குவதைப் பற்றிப் பலர் எண்ணத் தொடங்கும் வயது. மறுநாளே 1500 மீட்டர் தகுதிச் சுற்றில் ஓடினார்; ஆகஸ்ட் 28 அன்று 3 நிமிடம் 57.90 நொடியில் அதன் தங்கத்தையும் வென்றார். ஒன்பது நாளில் ஆறு ஓட்டங்கள். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரு தொலைவுகளையும் வென்ற பிரிட்டானியர் அதற்குமுன் ஆல்பர்ட் ஹில் ஒருவரே, அது 1920இல். ஏதென்ஸ் நிறைவு விழாவில் நாட்டுக் கொடியை ஏந்தி நடந்தார். ஊர் திரும்பியதும் ஊர்வலம். அடுத்த புத்தாண்டில் பிரிட்டானிய அரசின் உயர் மதிப்பான ‘டேம்’ பட்டம். விளையாட்டு ஒருவருக்கு என்னவெல்லாம் தருமோ அவையெல்லாம் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தன.

அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னே செல்வோம். பிரான்சின் தென்கோடியில், பிரனீஸ் மலைத்தொடரில் ஃபோன் ரோமு என்றோர் ஊர் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர். காற்றில் உயிர்வளி அருகிய அவ்வுயரத்தில் சில வாரம் தங்கிப் பயின்றால் குருதியில் சிவப்பணுக்கள் பெருகும் என்பதால் ஐரோப்பிய ஓட்டக்காரர்கள் அங்குச் செல்வது வழக்கம். 2003ஆம் ஆண்டு கோடையில் ஹோம்ஸும் அங்கிருந்தார். காலில் மறுபடியும் காயம். பாரிஸ் உலகத் தடகளப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதார். பின்னர்த் தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொண்டார். எவ்வாறு என்று விவரிக்க வேண்டியதில்லை. அது அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

அதன்பின் பாரிஸ் சென்றார். 800 மீட்டரில் வெள்ளி வென்றார். தங்கம் பெற்றவர் மொசாம்பிக்கின் மரியா முத்தோலா. இருவரும் ஒரே பயிற்றுநரிடம் பயின்றவர்கள் என்பதால், ஹோம்ஸ் தம் தோழிக்கு வழிவிட்டு ஓடினாரா என்று திறனாய்வாளர்கள் சிலர் வினா எழுப்பினர். உத்தியைப் பற்றிப் பேச்சு நீண்டது. ஓடியவர் நலமாக இருந்தாரா என்று வினவியவர் எவருமில்லை. கழுத்தில் வெள்ளி தொங்குபவரைப் பார்த்து யார்தான் அப்படிக் கேட்பார்?

அந்தக் கேளாமையைக் குறித்தே இன்று எழுதுகிறோம். விளையாட்டுத் துறை, அரசு, பத்திரிகை, பார்வையாளர் கூட்டம் ஆகிய நால்வரும் பதக்கத்தை நலச்சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. வென்றவர் நலமாகத்தான் இருப்பார். தோற்றவர் வருந்துவது இயல்பு, அடுத்த முறை தேறிவிடுவார். இவ்வளவே அதன் இலக்கணம். ஹோம்ஸின் வாழ்வு இவ்விலக்கணத்துக்கு அடங்க மறுக்கிறது.

நடுத்தொலைவு ஓட்டத்தின் இயல்பை அறியாமல் இதை அறிய இயலாது. 800 மீட்டர் என்பது இரண்டு சுற்று. முதல் வளைவு வரை அவரவர்க்கு ஒரு தடம். அது கடந்ததும் எட்டுப் பேரும் உள்ளோரத்தை நாடி நெருக்கியடிப்பர். முழங்கைகள் முட்டும். ஆணிக் காலணி கெண்டைக்காலைக் கீறும். இரண்டாம் சுற்றில், மக்கள் திரளுக்கு எதிர்ப்பக்கத்து நேர்பாதையில், தொடைகளில் எரிச்சல் ஏறத் தொடங்கும். கடைசி நூறு மீட்டரில் ஒருவர் சீறிப் பாய்ந்து முந்துவதாக நாம் காண்பது பெரும்பாலும் கண்மயக்கு. எல்லாரும் வேகம் இழந்துகொண்டிருக்க, அவர் சற்றுக் குறைவாக இழக்கிறார், அவ்வளவுதான். ஏதென்ஸில் ஹோம்ஸ் வென்றதும் அவ்வகையே. முதற்சுற்றில் பின்வரிசையில் கிடந்தவர், தம் வேகத்தைச் சீராகக் காத்துக்கொண்டு, கடைசி வளைவில் முத்தோலாவின் தோளை எட்டினார்.

இத்தகைய ஓட்டத்தில் முகமும் ஒரு கருவி. தோளருகே ஓடிவருபவள் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டே வருகிறாள். உதடு சற்றுக் கோணினால், தோள் ஒரு விரற்கடை உயர்ந்தால், உன்னிடம் இனி மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்திலேயே கடந்து போவாள். ஆகவே நோவை முகத்தில் காட்டாதிருக்கச் சிறுவயது முதலே பழக்குகிறார்கள். பன்னிரண்டு வயதில் தொடங்கும் பாடம் அது. இருபது ஆண்டு அதைப் பயின்ற ஒருவர், மைதானத்துக்கு வெளியேயும் அதே முகத்தோடு நடமாடுவார் என்பதில் வியப்பென்ன?

பெண்கள் அதை இன்னும் கடுமையாகப் பயில நேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடியது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் உலகச் சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுஏ ஹிதோமி இரண்டாவதாக வந்தார். ஓடி முடித்த சிலர் களைப்பில் தரையில் சாய்ந்தனர், ஆடவர் சாய்வதைப் போலவே. மறுநாள் சில ஏடுகள், பெண்கள் பாதியில் நின்றுவிட்டனர், மயங்கி விழுந்தனர், காணச் சகிக்கவில்லை என்றெல்லாம் எழுதின. உண்மை என்னவெனில், இறுதிச் சுற்றில் ஓடியவர் ஒன்பது பேர். முடித்தவரும் ஒன்பது பேர். ஆயினும் அந்தப் பொய்யே வென்றது. 1960இல் ரோம் நகரில் ஒலிம்பிக் நடக்கும் வரை, 32 ஆண்டுக் காலம், பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே இல்லை. 1500 மீட்டர் கிடைக்க 1972 வரை காத்திருந்தனர். தரையில் சாய்ந்தால் ஓட்டத்தையே பறித்துவிடுவார்கள் என்பது அவர்கள் கற்ற பாடம். அந்தப் பொய்யை எழுதியவர்கள் நம் தொழில் செய்தவர்கள். இத்தலையங்கத்தில் நாம் பிறர்க்குச் சொல்லும் அறிவுரைகளை வாசகர் இந்தக் கறையோடு சேர்த்தே எடைபோடலாம்.

ஹோம்ஸ் 1970இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். தந்தை ஜமைக்காவில் பிறந்தவர். தாய் மிக இளவயதில் தாயான ஆங்கிலப் பெண். வளர்த்தவர்கள் தாயும் மாற்றாந்தந்தையும். 12 வயதில் டன்பிரிட்ஜ் தடகளச் சங்கத்தில் சேர்ந்து, டேவ் ஆர்னல்ட் என்னும் பயிற்றுநரிடம் ஓடக் கற்றார். மறு ஆண்டே ஆங்கிலப் பள்ளிகளுக்கான போட்டியில் 1500 மீட்டரை வென்றார். 1984 ஒலிம்பிக்கில் பிரிட்டானிய ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோ தங்கம் வெல்வதைக் கண்டு, தாமும் அங்கு நிற்பதென்று உறுதிபூண்டார். ஆயினும் 1988இல் இராணுவத்தில் சேர்ந்து கனரக வண்டி ஓட்டினார். பிறகு உடற்பயிற்சி ஆசிரியரானார். 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இளவயதில் தம்மோடு ஓடிய ஒருத்தி நாட்டின் சட்டையணிந்து ஓடுவதைக் கண்டார். அன்று மீண்டும் காலணியை எடுத்தார். இரண்டே ஆண்டில் காமன்வெல்த் தங்கம். மூன்றாம் ஆண்டில், 1995இல், கோத்தன்பர்க் உலகப் போட்டியில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம்.

பிறகு தொடங்கியது காயங்களின் காலம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் காலெலும்பில் முறிவோடு ஓடி, 800 மீட்டரில் பத்தில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். 1500 மீட்டரில் பதினொன்றாவது. 1997இல் 1500 மீட்டரில் பிரிட்டனின் சாதனையை முறியடித்து, வெல்லக்கூடியவர் என்ற பெயரோடு உலகப் போட்டிக்குச் சென்றார். தகுதிச் சுற்றிலேயே கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் சிதைந்தன. அது நடந்த இடம் ஏதென்ஸ். பின்னர் இரு தங்கம் வென்ற அதே அரங்கம். 2000 சிட்னிக்கு முன்னும் கெண்டைக்கால் கிழிந்தது. சில வாரப் பயிற்சியோடு சென்று வெண்கலம் வென்றார்.

எலும்பைக் கல் என்று நினைக்கிறோம். அது நாள்தோறும் கரைந்து நாள்தோறும் கட்டப்படும் உயிர்ப்பொருள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இருமடங்குக்கும் மேற்பட்ட விசை காலில் இறங்குகிறது. கரைவது கட்டுவதை முந்தினால் கணைக்கால் எலும்பில் மயிரிழை போல் ஒரு விரிசல் விழும். தொடக்க வாரங்களில் அது ஊடுகதிர்ப் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பயிற்றுநர் படத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கிறார், குறை ஒன்றுமில்லை. ஓட்டக்காரிக்கோ விரல்நுனி அளவான ஓரிடத்தில் தொட்டாலே உயிர் போகிறது. எதை நம்புவது? படத்தை நம்பி ஓடியவர்களின் எலும்பு முழுதாக முறிந்த கதைகள் ஏராளம். குதிகால் நாணின் குணம் வேறு. இரவெல்லாம் இறுகிக் கிடந்து, காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் அது தீர்ப்புச் சொல்லும். அந்த ஓர் அடியை வைக்க அஞ்சிக் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அடியெடுத்து வைத்து, நொண்டிச் சுவரைப் பிடித்தால், அன்றைய நாள் முடிந்தது. தோழியர் காட்டுவழியே ஓடச் செல்வர். இவர் மட்டும் நீச்சல் குளத்தில் இடுப்பில் மிதவை கட்டி, கால் தரை தொடாமல், நீரை மிதித்துக்கொண்டிருப்பார். சுவரில் கடிகாரம். ஒரு மணி நேரம். மறுநாளும் அதுவே. எத்தனை நாளுக்கு என்று மருத்துவராலும் சொல்ல இயலாது.

ஒருவருக்குத் தாம் யார் என்பதற்கு ஓட்டம் ஒன்றே விடையாக இருந்து, அது திரும்பத் திரும்பப் பறிக்கப்படும்போது மனம் முறியாமல் இருந்தால்தான் வியக்கவேண்டும். ஹோம்ஸின் கால் காயங்கள் ஆண்டுவாரியாக எழுதப்பட்டுள்ளன. எவரும் தேடிப் படிக்கலாம். 2003ஆம் ஆண்டுக் குளியலறைக் காயத்துக்கு மட்டும் அப்போது எந்த ஏட்டிலும் இடமில்லை. இரண்டும் ஒரே உடலில், ஒரே காரணத்தால் விழுந்தவை.

மருத்துவரிடம் சென்றபோது உளச்சோர்வு நோய் என்று கண்டறிந்தனர். மருந்து ஓட்டத்தைக் கெடுக்கும் என்று அஞ்சி அவர் அதை உட்கொள்ளவில்லை. மூலிகை மாத்திரைகளோடு காலம் தள்ளினார். இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். உளச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. நம் நாட்டு மைதானங்களில் இது பலருக்குத் தெரிவதில்லை. மாத்திரை என்றாலே மாதிரிச் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம். எந்த மருந்தானாலும் விளையாட்டு மருத்துவரிடம் கேட்டுவிட்டு உட்கொள்ளவேண்டும் என்பது சரி. கேட்கவே அஞ்சும் நிலை சரியன்று.

அந்தத் துன்பந்தான் அவரைப் புடம்போட்டது, தங்கம் அதன் விளைவு என்று வாதிடுவார் உண்டு. புராணங்களில் தவமிருந்து வரம் பெற்றவர்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வாதம் இனிக்கும். ஆனால் உண்மை அதற்கு எதிராக நிற்கிறது. பெரும்போட்டி நடக்கும் ஆண்டொன்றில் ஹோம்ஸ் கடுங்காயம் ஏதுமின்றி முழுப் பயிற்சியோடு களம் இறங்கியது, நெடுங்காலத்துக்குப் பின், 2004இல்தான். துன்பம் ஒரு பருவம் ஒதுங்கி நின்றது, தங்கம் வந்தது. அது முன்னமே ஒதுங்கியிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்பதை எவர் அறிவார்?

தங்கம் வந்தபின்னும் நோய் நீங்கிவிடவில்லை. 2005இல், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டதை ஹோம்ஸ் வெளிப்படுத்தினார். பலர் வியந்தனர். இரு தங்கம் வென்றவருக்கா? அவ்வாண்டு இறுதியில் ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். 2017இல் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபோது பழைய இருள் திரும்பிற்று. மீண்டும் தம்மைக் காயப்படுத்திக்கொண்டதையும் அவரே சொன்னார். ஏதென்ஸ் வெற்றிக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இதை ஒளிக்காமல் சொன்ன துணிவு, கடைசி வளைவில் காட்டிய துணிவுக்குக் குறைந்ததன்று என்பது நம் கருத்து. 2008இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, ஓய்வுபெற்ற வீரர்களைக் கொண்டு வாழ்வில் தடுமாறும் இளைஞர்களுக்கு வழிகாட்டி வருகிறது.

இவர் ஒருவர் கதை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதால் மூன்றாண்டு மாதவிலக்கு நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன, சாவு பற்றிய எண்ணம் வந்தது என்று 2019இல் அவர் வெளியிட்டார். அவருடைய பயிற்றுநர் மறுத்தார். யார் சொல்வது சரி என்பதை நாம் தீர்க்கவேண்டியதில்லை. உண்ணும் உணவு செலவிடும் ஆற்றலுக்குப் போதாமற்போனால் இயக்குநீர்கள் குன்றும், எலும்பு நலியும், மனமும் நலியும் என்பதைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் வல்லுநர்கள் 2014இலேயே எழுதி வைத்துள்ளனர்.

நம் மண்ணிலும் 800 மீட்டர் ஓடிய ஒருவர் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். சில நாளில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவ அறிக்கை, மருத்துவருக்கும் அவருக்கும் இடையே நின்றிருக்கவேண்டியது, உலகச் செய்தியாயிற்று. மறு ஆண்டு அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் நிலைக்குத் தள்ளப்பட்டார். தப்பிப் பிழைத்தார், செங்கல் சூளையில் கூலி வேலையும் பார்த்தார், பின்னர்ப் பயிற்றுநர் ஆகி, பிள்ளைகளை ஓட வைக்கிறார். ஹோம்ஸின் காயமும் சாந்தியின் காயமும் ஒன்றல்ல. அவர் தாமே மறைத்தார். இவரிடம் மறைக்க உரிமையுள்ளதையும் ஊர் அம்பலமாக்கிற்று. அம்பலமாக்கியதில் நம் தொழிலுக்குப் பங்கில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை.

செய்யவேண்டியவை எவை? பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2019இல் வெளியிட்ட கூட்டறிக்கை, உயர்நிலை விளையாட்டாளரின் மனநலம் உடல்நலத்திலிருந்து பிரிக்க முடியாதது என்கிறது. சொல் நல்ல சொல்தான். அது நம் மாவட்ட மைதானங்களுக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. மைதானத்துக்கு ஓர் உளநல ஆலோசகரை நியமிப்பது எளிது. அவரிடம் சொன்னது தேர்வுக் குழுவின் காதுக்குப் போகாது என்று உறுதியளிப்பது கடினம். அவ்வுறுதி இல்லாத இடத்தில் எந்த ஓட்டக்காரியும் வாய்திறக்கமாட்டாள். திறந்தால் அடுத்த போட்டிப் பட்டியலில் பெயர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஆலோசகர் பயிற்றுநருக்குக் கீழும் தேர்வாளருக்குக் கீழும் இருத்தலாகாது. இதை முதலாவதாகக் கேட்கிறோம்.

அடுத்தது காசு. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைக்குக் காயம் பட்டால் உதவித்தொகையும் உணவுப்படியும் என்னாகும்? பருவம் முழுதும் ஓடாதவரை விடுதியில் வைத்திருப்பார்களா? இந்த அச்சம் இருக்கும் வரை முறிந்த எலும்போடும் ஓடுவார்கள். முறிந்த மனத்தோடும் ஓடுவார்கள். குணமாகும் காலத்துக்கு உதவி நிற்காது என்று எழுத்தில் தரவேண்டும். எத்தனை திங்கள் என்பதை மருத்துவர் சொல்லட்டும், கணக்கர் சொல்லவேண்டாம்.

இன்னொன்று மிகச் சிறியது. இந்திய அரசு 2022இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண், தமிழிலும் பேசலாம். எத்தனை விளையாட்டு விடுதிச் சுவர்களில் அந்த எண் எழுதப்பட்டுள்ளது? சாதனையாளர் பெயர்ப் பலகைகளுக்கு இடமிருக்கும் சுவர்களில் ஐந்து இலக்கத்துக்கு இடமில்லாமல் போகாது.

நம் தொழில் தன் பங்குக்குச் செய்யவேண்டியதும் உண்டு. தோற்றவரிடம் ஒலிவாங்கியை நீட்டி அழவைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். காயத்தைச் சாக்கு என்று எழுதாதிருக்கலாம். வென்றவர் அழும்போது உடனே ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று தலைப்பிடாமல் சற்றுப் பொறுக்கலாம்.

ஹோம்ஸ் மறைத்தவற்றில் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது காயம்கூட இல்லை, காயமாக ஆக்கப்பட்டது. இராணுவத்தில் சேர்ந்த இளவயதிலேயே தமக்குப் பெண்கள் மேலேயே ஈர்ப்பு என்பதை அவர் அறிந்தார். அந்நாளில் பிரிட்டானியப் படைகளில் தன்பாலீர்ப்பு உடையோருக்கு இடமில்லை. கண்டறிந்தால் வெளியேற்றம், படைநீதிமன்றம், சிலருக்குச் சிறை. இராணுவக் காவலர் படைவீட்டுக்குள் புகுந்து, பெண்களின் அலமாரிகளையும் படுக்கைகளையும் கலைத்துத் தேடியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1997இல் படையைவிட்டு விலகினார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் தீர்ப்புரைத்தபின், 2000 சனவரியில் தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் சிட்னியில் வெண்கலம் வென்றார், வெளியுலகுக்குச் சொல்லவில்லை. ஏதென்ஸில் வென்றார், சொல்லவில்லை. தடை செய்தது தவறு என்று பிரிட்டனின் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2023 சூலையில். அதற்கு ஓராண்டு முன், 2022 சூனில், தம் 52ஆம் வயதில்தான் ஹோம்ஸ் உலகறியச் சொன்னார்.

சொல்வதற்கு முன் ஒன்று செய்தார். 2020இல், 50 வயதில், ‘டேம்’ பட்டமும், இராணுவப் பயிற்சிப் பிரிவு ஒன்றின் மதிப்புறு கர்னல் பதவியும், இரண்டு ஒலிம்பிக் தங்கமும் உடையவராக இருந்தபோது, படைத்துறையைச் சேர்ந்த ஒருவரைத் தொடர்புகொண்டு, படையிலிருந்த நாளில் தாம் அப்படி இருந்ததற்காக இனியும் தண்டிக்கப்படக்கூடுமா என்று கேட்டார். இல்லை என்றார்கள். தடை நீங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.